அயலவர் விசாரிக்கப்பட்டார்

எங்கள் வீட்டு மணியை அடிப்பவர் தமிழரா இல்லையா என்று கதவைத் திறக்காமலே சொல்லலாம். தமிழர் மணியை அடித்த கையோடு கதவையும் தட்டுவார்கள். ஜெர்மன்காரர் ஒருமுறை அடித்துவிட்டு ஓரடி பின்னுக்கு நகர்ந்து நிற்பார்கள். அந்த வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வந்தவர் பின்னுக்கு நின்றார். கழுத்தில் நகரசபை அட்டை தொங்கியது. எதிர்க்கதவைக் காட்டி, ஒரு ரஷ்யப் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் இங்கே யாராவது வசிக்கிறார்களா என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, கையிலிருந்த சிறிய கணினியில் எதையோ தட்டிக்கொண்டு படியிறங்கினார். எங்கள் மாடிப்படி விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணையும். அவர் கீழே போவதற்குள் அது அணைந்தது.

எதிர்வீட்டு அம்மாவை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். வோல்கா நதிக்கரையில் பௌதிக ஆசிரியையாக இருந்தவர். ஜெர்மன் வம்சாவளிக் கணவரோடு ஜெர்மன் நகரமான இந்தப் பீலெஃபெல்டுக்கு வந்து, கணவர் இறந்த பிறகும் ரஷ்யக் கடவுச்சீட்டோடு இங்கேயே இருக்கிறார். நான் அவரை டீச்சர் என்பேன். நான் மொஸ்கோவில் படித்தவன் என்று தெரிந்ததால் அவர் என்னை மாணவரே என்பார். எனக்கு அறுபத்தெட்டு வயது. நாங்கள் ரஷ்யனில்தான் கதைப்போம். அதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

பிறகு ஏன் தெரியாது என்று சொன்னேன்? அயலவரைப் பற்றி அதிகாரி கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் படலைக்கு வெளியே துவக்கோடு நின்று கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னோம். அது எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்பது முக்கியமில்லை. அது பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அது மரியாதை.

அடுத்த நாள் டீச்சர், முட்டைக்கோசை மாவுக்குள் வைத்துச் சுடும் ரஷ்யக் கோவாப் பணியாரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை.

"என்ன விசேஷமாம்?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாது."

"உங்களுக்கு இந்தக் கிழமை ஒண்டுமே தெரியாது போல கிடக்கு."

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் ஓர் ஆலோசனை நிலையத்தில் இருந்து, அகதிகளுக்கும் மற்ற வெளிநாட்டவர்களுக்கும் விண்ணப்பங்களும் முறையீடுகளும் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் தவணை, எந்த அதிகாரி எந்தப் பிரிவைக் காட்டி மறுப்பார், அதற்கு எந்தப் பிரிவைக் காட்டிப் பதில் எழுதலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காகச் செய்தி பார்க்கிறேன்.

செய்தி எட்டு மணிக்கு. அதே எட்டு மணிக்குச் சுவரின் மறுபக்கத்தில் டீச்சர் தன் ரஷ்யச் செய்தியைப் போடுவார். ஐரோப்பாவில் தடை செய்த அலைவரிசை அது. எப்படிப் பிடிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. தெரிந்துவிட்டால் பிறகு தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். காது சற்று மந்தமானவர், ஆகவே சத்தம் அதிகம். இரண்டு மொழியும் விளங்குவது ஒரு தண்டனை. இரண்டு பக்கமும் ஒரேமாதிரியான மேளம் அடித்துத்தான் தொடங்கும். எங்கள் பக்கத்தில் செய்தி வாசிக்கும் பெண் "அவர்களுடைய பிரசாரம்" என்று சொல்லி முடிக்க, அந்தப் பக்கத்து ஆண் "அவர்களுடைய பிரசாரம்" என்று தொடங்குவார். சில நாள் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வது போலவே இருக்கும். நான் எங்கள் பெட்டியின் ஒலியை நிறுத்திப் பார்ப்பேன். அவள் வாய் அசையும், குரல் சுவருக்குள்ளிருந்து வரும்.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடும் ஆள் நானில்லை. இங்கே அமைச்சர் பொய் சொன்னால் விசாரணைக் குழு அமைப்பார்கள். அது சில வருடம் கழித்துத் தடித்த அறிக்கை ஒன்றைத் தரும். அதை நானும் இன்னும் இரண்டு பேரும் வாசிப்போம். அமைச்சர் அதற்குள் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஆலோசகராக இருப்பார். அதையும் முறைப்படி பதிந்திருப்பார்கள், யாரும் பார்க்கலாம். பதிந்தால் அதற்குப் பெயர் ஊழல் இல்லை, உத்தியோகம். அங்கே அறிக்கை எழுதுபவரே காணாமல் போவார். வித்தியாசம் சின்னதில்லை.

மொஸ்கோ விடுதியில் என் தளத்தில் ஓர் உள்ளூர் மாணவன் இருந்தான். இரண்டு வருடம் அவனுடைய தாச்சியில்தான் இருவரும் உருளைக்கிழங்கு பொரித்தோம். ஒருநாள் சமையலறையில் சோவியத் தலைவரின் பதக்கங்களைப் பற்றி ஒரு பகிடி விட்டான். அடுத்த கிழமை இரண்டு பேர் வந்து, அவனைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். மறுநாள் அவன் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது. கதவிலிருந்த பெயர்ச்சீட்டைக் காணவில்லை. தளத்துக்குப் பொறுப்பான பெண்ணிடம் கேட்டேன். "எந்த மாணவன்?" என்றார். அவர் முகத்தில் பயம்கூட இல்லை. தாச்சி மட்டும் அடுப்பில் இருந்தது. படிப்பு முடியும்வரை நான் அதில்தான் சமைத்தேன்.

நகரசபைக்காரர் வந்து எட்டு மாதம் கழித்து, டீச்சர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் மருத்துவக் காப்புறுதி அட்டை.

"டொக்டரிட மெசின் இதை ஏற்குதில்லை, மாணவரே. நான் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"மெசின். அங்க வேலை செய்யிற பிள்ளை மூண்டு தரம் போட்டுப் பார்த்தவ. போன மாதம் உதவிப் பணமும் வரேல்லை. கடிதம் வருமெண்டு பார்த்தன், அதுவும் இல்லை."

கீழே போய்த் தபால் பெட்டிகளைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன் கட்டட நிர்வாகம் எல்லாப் பெட்டிகளையும் மாற்றியிருந்தது. அவருடைய பெட்டியில் பெயர் இல்லை. இந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாதவருக்குக் கடிதம் வராது, 'ஆள் இல்லை' என்று திரும்பிப் போகும். "ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "பெயர் இல்லாமல் இருக்கிறது நல்லதுதானே எண்டு விட்டிட்டன்" என்றார்.

அடுத்த வாரம் நகரசபையில் சந்திப்பு நேரம் கிடைத்தது. பீலெஃபெல்ட் என்று ஒரு நகரமே கிடையாது என்பது ஜெர்மன்காரரின் பழைய பகிடி. அன்று எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டு, டீச்சரைப் பார்த்தாள். மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

"இவர் எட்டு மாதத்துக்கு முன் இடம்பெயர்ந்துவிட்டார்."

"எங்கே?" என்று கேட்டேன்.

"சென்ற இடம் தெரியவில்லை என்று இருக்கிறது."

டீச்சர் கதிரையில், அவளுக்கு ஒரு மீட்டர் முன்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவள் மிகவும் அன்பாகக் கேட்டாள்.

அவள் அச்சிட்டுத் தந்த கடிதம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே அனுப்பித் திரும்பிவந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாததால் டீச்சரின் வதிவிட உரிமை அற்றுப்போனதாகக் கருத உத்தேசம். கருத்துச் சொல்ல அன்றிலிருந்து இரண்டு வாரம். சொல்லாவிட்டால் அவர் ரஷ்யாவுக்குத் திரும்ப வேண்டும்.

பேருந்தில் அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, "எங்கட ஊர் எண்டால் ஒரு பெட்டி சொக்கிலேற், ஒரு போத்தல் கொன்யாக். பின்னேரத்துக்கிடையில எனக்கு உயிர் வந்திருக்கும்" என்றார்.

"வேற ஆரும் ரெண்டு போத்தல் குடுத்தால் அந்த உயிர் போகவும் போயிருக்கும், டீச்சர்."

"ஓம். ஆனால் ஆரிட்டக் குடுக்கிறதெண்டு தெரியும். இஞ்ச ஆர் எனக்கு இதைச் செய்தது?"

"ஒருத்தருமில்லை. நடைமுறை."

"அதுதான் பயமாக் கிடக்கு."

"அங்க எல்லாம் நல்லாய்ப் போகுதெண்டு ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்குச் சொல்லுறாங்கள்தானே? போனால் என்ன?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு விசரோ? அங்க எனக்கு ஆர் இருக்கினம்? நான் அதைக் கேக்கிறது குரலுக்கு. வீட்டில ஆரோ என்ர பாசையில கதைச்சுக்கொண்டிருக்க வேணும்."

இந்த நாட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உன்னைப் பற்றிய கோப்பை நீ கேட்டு வாங்கி வாசிக்கலாம். அங்கே கோப்பு உன்னை வாசிக்கும். டீச்சரிடம் கையொப்பம் வாங்கி, அவர் சார்பில் கோப்பைப் பார்க்க விண்ணப்பித்தேன். தவறு எங்கே என்று பிடித்துவிட்டால் மீதி சுலபம். என்னுடைய பழைய வேட்டைக்குணம் திரும்பி வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தேன்.

யன்னல் இல்லாத ஓர் அறையில் கோப்பைத் தந்தார்கள். மொத்தம் நாலு தாள். திரும்பிவந்த கடிதத்தின் குறிப்பு முதலில். அடுத்து, பெட்டியில் பெயர் இல்லை என்ற குறிப்பு. மூன்றாவது தாளில், வியாழக்கிழமை, பதினொரு மணி, மணி அடித்தும் கதவு திறக்கப்படவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி: 'அயலவர் விசாரிக்கப்பட்டார்: ஆளைத் தெரியாது.'

நாலாவது தாளில் டீச்சர் இல்லாமல் போயிருந்தார்.

அந்த வரியை வாசித்தபோது உருளைக்கிழங்கு பொரியும் மணம் வந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. எழுந்து அறைக்கு வெளியே போய்ப் பார்த்தேன். நீளமான நடைபாதையில் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். ஏன் மனிசன் பொய் சொல்லுதெண்டு யோசிச்சன். பேந்து நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன் எண்டு நினைச்சன்." கையைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லுங்கோ. இப்பவே போங்கோ. நாளைக்கெண்டால் உங்களுக்கு ஏலாது" என்றாள்.

டீச்சர் கதவைச் சங்கிலியோடு திறந்து, என்னைக் கண்டதும் சங்கிலியை எடுத்தார். நின்றபடியே சொன்னேன். அந்த மனிதனுக்குத் தெரியாது என்று சொன்னது நான்தான், உங்களை அழித்தது என் வாய்தான் என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும், மாணவரே."

"எப்பிடி?"

"நான் அண்டைக்கு வீட்டிலதான் இருந்தனான். அவன் மணி அடிக்கேக்க இந்தக் கதவுக்குப் பின்னால நிண்டனான், மூச்சு விடாமல். அவன் உங்கட கதவுக்குப் போனான். நீங்கள் சொன்னது கேட்டுது. எவ்வளவு நல்ல மனிசன் எண்டு நினைச்சன். அதுக்குத்தானே பணியாரம்."

இரண்டு பேரும் அந்த ஒடுக்கமான நடையில் நின்றோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. துவக்கு இல்லை, பகிடி விட்டவன் இல்லை, போத்தல் கைமாறவில்லை. ஒரு மரியாதையான அரசு வந்து மணியை அடித்துக் கேட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆளை ஒழித்துக் கட்டிவிட்டு, பணியாரம் சாப்பிட்டோம்.

நான் இரண்டு வாக்குமூலங்கள் எழுதினேன். என்னுடையதில் அதிகாரிக்கு உண்மைக்கு மாறான தகவல் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர்களுடைய பதில் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டீச்சருடையதில்தான் சிக்கல். வீட்டில் இருந்தும் திறக்கவில்லை என்பதை எழுத அவர் விடவில்லை.

"வெளியில போயிருந்தன் எண்டு எழுதுங்கோ."

"இஞ்ச உண்மை சொன்னால்தான் உதவும், டீச்சர்."

"எங்கட டீவியிலும் அதைத்தான் சொல்லுறவை."

கடைசியில், தவணை முடிய முதல் நாள், கையொப்பம் வைத்தார். பேனாவைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதில் சாதகமாக வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அவர் அங்கே வசிப்பதை அதிகாரி நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும். வியாழக்கிழமை, பதினொரு மணி. அதே மனிதர்தான் வந்தார். கதவுத் துவாரத்தால் பார்த்தேன். டீச்சரின் மணியை ஒருமுறை அடித்துவிட்டு ஓரடி பின்னுக்கு நின்றார்.

கதவு திறக்கவில்லை. டீச்சர் அதற்குப் பின்னால் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். முதல்நாள் பின்னேரம் மூன்று தரம் சொல்லியிருந்தேன், திறவுங்கோ, திறந்தால் போதும் என்று. இரண்டாவது தரம் மணி அடித்தது. அதிகாரி கணினியை எடுத்தார். மாடிப்படி விளக்கு அணைந்தது.

"திறவுங்கோவன்" என்று மனைவி முதுகில் இடித்தாள்.

கைப்பிடியில் கை வைத்தேன். கதவைத் திறந்து, இருட்டுக்குள் நின்றவரிடம், "அவரைத் தெரியும். அங்கேதான் இருக்கிறார். இப்போதும் உள்ளேதான் இருக்கிறார்" என்றேன். வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் முதன்முதலாக ஒருவரைக் காட்டிக் கொடுத்தேன். எதிர்க்கதவைத் தட்டி, ரஷ்யனில், "டீச்சர், நான்தான்" என்றேன்.

சங்கிலி விழும் சத்தம் கேட்டது.

அதிகாரி அவருடைய முகத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்தார், எனக்கு நன்றி சொன்னார், கணினியில் தட்டினார், போனார். இப்போது கோப்பில் ஐந்தாவது தாள் இருக்கும்: 'அயலவர் விசாரிக்கப்பட்டார்: ஆளைத் தெரியும்.' டீச்சரின் அட்டை வேலை செய்கிறது, பெட்டியில் பெயர் இருக்கிறது, உரிமை பிழைத்தது. காணாமல் போன எட்டு மாதத்தை மட்டும் திருத்த முடியாதாம். அந்தக் காலத்தில் அவர் எங்கும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பணியாரம் வரவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

படியில் கண்டால் வணக்கம் சொல்கிறார். மாணவரே என்பதில்லை. எட்டு மணிக்கு எங்கள் பக்கத்தில் மேளம் அடித்துச் செய்தி தொடங்குகிறது. சுவரின் மறுபக்கத்தில் சத்தமே இல்லை. பார்க்காமல் விட்டுவிட்டாரா, காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கேட்கிறாரா என்று மனைவி கேட்டாள்.

தெரியாது என்றேன். இந்தமுறை அது உண்மை.