செயின் இல்லாத சைக்கிள்

1. தீர்ப்பு

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கை லாலாங்கில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். டயர் கிடையாது, டியூப் கிடையாது, பெயரிங் குண்டு கிடையாது. பழைய சைக்கிள் வந்தால் அது தேறுமா, அல்லது பிரித்துச் சாமான் எடுக்க வேண்டியதுதானா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் காலையில் அஞ்சலை அக்கா வந்தார். இரண்டு மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். டயர் இல்லாத ரிம்மை உருட்ட மனமில்லாமல் சைக்கிளைத் தோளில் சுமந்து வந்திருந்தார். அவர் புருஷன் முனியன் ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. ரேஸ் சைக்கிள் என்று பேர்தான், அதில் அதைவிட மலிவான ரகம் கிடையாது. முனியனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நான் வழக்கம்போல நூல் பிடித்தேன். பின் சக்கரம் மாட்டும் இடத்தில் கட்டி, முன் கழுத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்தால், சீட்டுக் குழாய்க்கு இரு புறமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் நூல் குழாயில் இடித்தது. மறுபக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

தவுக்கே எட்டிப் பார்த்து, "பெங்கோக் லா, புவாங் சாஜா" என்றார். கோணிப் போனதைத் தூக்கிப் போடு என்பது அவர் சட்டம்.

"ஃபிரேம் போச்சுக்கா. செயின் பல்லும் தேஞ்சிருக்கு. ஏறி மிதிச்சா ஒரு மைலு தாங்காது. இதுக்குப் போயி ஏன் லா அலையிறீங்க?" என்றேன்.

கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களை ஒரு தடவை பார்த்தார். மறுபடி சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

2. டயர்

ஆறாம் நாள் அதே சைக்கிளோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு கட்டு ரப்பர் பட்டை. ஆசிட் கிடைக்காததால் பாலைத் தகரத்தில் ஊற்றித் தானே உறைய விட்டு, போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, வீட்டு அடுப்புப் புகையில் காயவைத்து, நீளநீளமாக அறுத்திருந்தார். ரிம்மில் இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

"டயருக்கு வழி பண்ணிட்டேன் தம்பி. இப்பப் பாருங்க."

"டயரு இல்லக்கா விசயம். ஃபிரேமுதான். மிதிச்சா..."

"யாரு மிதிக்கப் போறா? எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது."

அன்றைக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. அதனால் சொன்னார்.

"அவரு அலோர் ஸ்டார் வரைக்கும் வந்துட்டாரு. ஸ்டேசன் பக்கத்துக் கடை அஞ்சடித் தாழ்வாரத்துல கெடக்குறாராம். கால்ல புண்ணு, நடக்க முடியல. நாத்தத்துக்கு லோரிக்காரன் ஏத்த மாட்டேங்கிறான். இதுல உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டு வந்துருவேன்."

முப்பது மைல்.

"அன்னைக்கே ஏங்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலியே. சயாம்னு நாலு பேரு முன்னால வாயத் தொறக்கவும் பயம், ஜப்பான்காரன் காதுக்குப் போயிட்டா?"

உடனே உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் சைக்கிளின் உயிர் என்று நான் நினைத்திருந்த செயின், பெடல், பல் சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே போட்டேன். தள்ளுகிற சைக்கிளுக்கு அவை வெறும் பாரம். அக்கா கொண்டுவந்த பட்டைகளை இரண்டு ரிம்மிலும் இழுத்துச் சுற்றிக் கட்டினேன். வளைந்த ஹேண்டிலை மேல்நோக்கித் திருப்பினேன், உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள. புண் கால் தொங்காமல் நீட்டி வைக்க ஒரு பலகை கட்டினேன். வழியில் வரும் குரூண் பக்கத்து இறக்கத்துக்காக முன் பிரேக்கை மட்டும் விட்டுவைத்தேன்.

"இது இடப்பக்கமாவே இழுக்கும்க்கா."

"நானும் இடப்பக்கந்தானே நடப்பேன்? எம் மேல சாஞ்சுக்கிட்டு வரட்டும்."

நான் குறை என்று தள்ளியதை அந்த அம்மாள் ஒரே பேச்சில் வசதியாக்கிவிட்டார்.

3. திரும்பி வந்தது

அக்கா புறப்பட்டுப் போன ஐந்தாம் நாள் மத்தியானம், பெடோங்கிலிருந்து வரும் சடக்கில் அந்தச் சைக்கிள் வந்தது. சீட்டில் எலும்பும் தோலுமாக முனியன். காலில் வாழையிலைக் கட்டு. அவர் தோள் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தது. அக்காவின் பாதங்களில் துணி சுற்றியிருந்தது, துணி சிவந்திருந்தது. தவுக்கே எழுந்து நின்றார். நான் என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு முன்பும் பின்பும் நான் ஒரு மனுஷியைப் பார்த்து அப்படி மலைத்து நின்றதில்லை.

"பின் சக்கரத்துல பட்டை கொஞ்சம் பிரியுது தம்பி. கட்டிக் குடுங்க, இன்னும் ரெண்டு மைலு இருக்கு" என்றார் அக்கா.

முனியன் பிழைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து அவரே சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு அஞ்சாறு நாளு முன்ன வந்திருந்தா காலு தப்பியிருக்கும்னாரு டாக்டரு. நேரம், என்ன பண்றது?"

பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். அந்த நாட்கள் எங்கே போயின என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முதல் நாளே எதற்கு என்று கேட்டிருந்தால், ரிம்மில் கயிற்றைச் சுற்றியாவது அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அவர் என்னைப் பார்த்து, "தம்பி கட்டுன சக்கரம் வழியில ஒரு எடத்துலயும் நிக்கல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, என்றைக்குமே சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. சைக்கிளில் கை வைக்கும் முன், கொண்டுவந்தவரைத் தனியே அழைத்து, எதற்கு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதற்கு முனியன் ஒரு கால் கொடுத்தார்.