அக்காவின் ஜீப்பும் என் ஆலோசனையும்

எங்கள் வீட்டில் வாகனம் வாங்கப் போனது அக்கா. ஆனால் அந்த மாதங்களில் மானிப்பாயில் யாரைக் கேட்டிருந்தாலும் வாங்கப் போவது நான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படியொரு நம்பிக்கை ஊரில் பரவியதற்குக் காரணமும் நான்தான்.

அக்கா நெல்லியடியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து நெல்லியடிக்கு இன்னொரு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டுதான் போவாள். ஒரு தோளில் கைப்பை, மற்றத் தோளில் திருத்த வேண்டிய கொப்பிகள். "உள்ளுக்கை போங்கோ ரீச்சர், உள்ளுக்கை இடம் கிடக்கு" என்று இல்லாத இடத்துக்குள் தள்ளுவார் கொண்டக்டர். பின்னேரம் வந்து கதிரையில் இருந்தாளென்றால் முன்னால் வைத்த தேத்தண்ணீர் ஆறும்வரை வாய் திறக்க மாட்டாள். நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் திறந்துவிட, பழைய வாகனங்களும் கைமாறத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் சொன்னாள்: "அடுத்த பள்ளித் தவணை தொடங்க முன்னம் ஒரு வாகனம் எடுக்கப்போறன். இனி என்னாலை உந்த பஸ்ஸுகளிலை நிண்டு போகேலாது."

அக்கா அப்படிச் சொன்னது அம்மாவுக்கு. பதில் சொன்னது நான்.

நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, ஒரு நேர்முகத் தேர்வுக்கும் அடுத்த நேர்முகத் தேர்வுக்கும் இடையில் வாழ்ந்துகொண்டிருந்தேன். யூரியூப்பில் வாகனங்களைப் பற்றிக் கதைக்கிற ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இலங்கைக்கு வரவே வராத வாகனங்களின் பின்பெட்டியில் எத்தனை சூட்கேஸ் அடுக்கலாம் என்பதுகூட எனக்கு மனப்பாடம். என்னிடமிருந்த லைசென்ஸ் மோட்டார் சைக்கிளுக்கானது. ஓடிக்கொண்டிருந்தது அம்மாவின் பழைய ஸ்கூட்டி. கார் ஓடும் லைசென்ஸ் வீட்டில் அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. இந்தச் சிறு விபரம் என் ஆர்வத்தைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

"எங்கடை ஒடுக்கமான ஒழுங்கைக்குக் கொம்பக்ட் எஸ்.யு.வி.தான் சரி" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொன்னேன். "நீளம் கார் மாதிரி. ஆனா உயரம் கூட. மாரி வெள்ளத்திலையும் அடி தட்டாது."

"ஜீப்பே?" என்றாள் அம்மா.

"ஜீப் இல்லையம்மா. கொம்பக்ட் எஸ்.யு.வி."

"ஓம், ஜீப்தானே."

அடுத்தது எதை வாங்குவது என்ற கேள்வி. விற்கிறவன் பொய் சொல்வான், யூரியூப்காரன் காசு வாங்கிக்கொண்டு சொல்வான், ஆகவே ஏற்கெனவே வாங்கி ஓடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தேன். மிகவும் நல்ல கொள்கை. யாழ்ப்பாணத்தில் வாகனம் வைத்திருக்கிற எவரும் என்றோ ஒருநாள் அதை விற்கப் போகிறவர்தான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

முதலில் பிடித்தது சங்கானையில் இருக்கிற மாமி மகன் அத்தானை. "ஒரு வேலை வந்து பொனெற்றைத் திறந்தே பார்க்கேல்லைத் தம்பி. அப்பிடி ஒரு வாகனம்" என்றார். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதையேதான் சொன்னார். அந்தக் கிழமை முடிவதற்குள் அதே வாகனம் முகநூலில் விற்பனைக்கு வந்திருந்தது. அங்கேயும் 'பொனெற் திறக்கப்படவில்லை' என்றுதான் போட்டிருந்தார்.

கனடாவிலிருக்கும் பெரியப்பாவின் மகனை வீடியோவில் அழைத்தேன். அவர் கைத்தொலைபேசியோடு வெளியே போய், வெள்ளையாகக் கிடந்த ஒரு பனிக் குவியலைக் காட்டி, அதற்குள்தான் தன் வாகனம் நிற்கிறது என்றார். "சினோவுக்கை சும்மா ஏறும் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு எடு." அடுத்த மாரியில் உடுவில் பக்கம் பனி கொட்டினால் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர்தான் கொஞ்சம் உண்மை சொன்னார். அவர் முஸ்லிம். உம்மா, வாப்பா, தம்பியின் பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். "ஜீப் எண்டு சொல்லித்தான் தம்பி வாங்கினது. தனியப் போகேக்கை ஜீப்தான். பெருநாளுக்கு எல்லாரும் ஏறினாப் பிறகு பாலத்திலை ஏறமாட்டன் எண்டு நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "உதை வெளியிலை சொல்லாதையும். நானும் விக்கவேணும்" என்றார்.

இப்படி ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகம் காணாது என்று பட்டது. எனவே ஒரு முகூர்த்த நாளன்று, எங்களை அழைக்காத ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்துக்குள் அல்ல, வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு. நல்ல வெள்ளைச் சேர்ட்டும் போட்டிருந்தேன். முதலில் வந்த எஸ்.யு.வி.யின் அருகில் போய், "வணக்கம் ஐயா, வாகனம் எப்பிடி?" என்று தொடங்கினேன். இறங்கியவர் வாகனத்தின் திறப்பை என் கையில் வைத்து, "நிழலாப் பார்த்து விடும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலை மனைவியோடு உள்ளே போய்விட்டார். கார் ஓடத் தெரியாத நான், திறப்பை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பின்னால் வந்தவர் ஹோன் அடித்து, "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர், அடுத்ததை எடும்" என்று ஏசினார். மண்டபக்காரரைத் தேடிப்பிடித்துத் திறப்பை ஒப்படைத்துவிட்டு, கருத்து ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

இதற்குள் தவணை விடுமுறை பாதி போய்விட்டது. "இன்னும் ரெண்டு பேரை மட்டும் கேட்டிட்டு முடிவெடுப்பம் அக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்காவே ஒரு வாகனத்தைக் கண்டுபிடித்தாள். கூடப் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் சொன்னது. உடுவிலில் ஒரு வீட்டுக்காரர், மகனின் படிப்புக்காகக் கொழும்புக்குக் குடிபோகிறார்கள், வாகனத்தை விற்கிறார்கள்.

புறப்படும்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "கண்டவுடனை திறம், திறம் எண்டு சொல்லிப்போடாதை. ஒரு குறை, ரெண்டு குறை சொன்னாத்தான் விலை இறங்கும். விளங்கிச்சோ?"

விளங்கியது. அளவுக்கு மிஞ்சி விளங்கியது.

உடுவிலில் அந்த வீட்டு ஐயா விறாந்தையில் எங்களை இருத்திவிட்டு, திறப்பை என்னிடம் நீட்டினார். நான் அதை மிகவும் கம்பீரமாக வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா தனியே ஏறி, ஒழுங்கையால் போய், கே.கே.எஸ். வீதியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இறங்கும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பரீட்சைப் பெறுபேறு வந்த நாட்களில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவருக்குக் கேட்காமல், "தம்பி, இதுதான்" என்றாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் விலைப் பேச்சைத் தொடங்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

"பெயின்ற் கொஞ்சம் மங்கிப்போச்சு, அங்கிள்" என்றேன். ஐயா "ஓம் தம்பி" என்றார். "முன் ரயர் ரெண்டும் மாத்தவேணும்." அதற்கும் "ஓம்." அவர் ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள எனக்கு உற்சாகம் ஏறியது. எல்லோரிடமும் கேட்டுச் சேர்த்த அவ்வளவையும் இறக்கினேன். ஐந்து பேர் ஏறினால் பாலம் ஏறாது என்றேன். ஐயா வீட்டுக்குள் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது வெற்றி போலத் தெரிந்தது. குனிந்து பின் பம்பரைத் தடவினேன்.

"உந்தக் கீறலைப் பார்க்க, ஆரோ ஓடப் பழகியிருக்கினம் போல கிடக்கு. இந்தப் பிறேக்கும் பயந்து பயந்து மிதிச்ச காலாலை தேஞ்சதுதான்."

அக்கா என் காலை மிதித்தாள். நான் நிமிர்ந்தேன். வாசலில் ஓர் அம்மா தட்டத்தில் மூன்று தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி, தட்டத்தோடு உள்ளே போய்விட்டார்.

ஐயா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்குக் கார் ஓடத் தெரியாது. உதை வாங்கின நாளிலையிருந்து ஓடினது என்ரை மனிசிதான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "விக்கிற யோசனை இல்லையெண்டு சொல்லி அனுப்புங்கோ அவையை."

ஸ்கூட்டியில் வீடு வந்து சேர்ந்தோம். "என்ன பிள்ளை, வாகனத்திலை குறையோ?" என்று அம்மா கேட்டாள்.

"வாகனத்திலை ஒரு குறையும் இல்லையம்மா. நான் கூட்டிக்கொண்டு போனதிலைதான்."

அடுத்து வந்த நாட்களில் நான் அக்காவுக்கு வேறு வாகனங்களின் விளம்பரங்களை அனுப்பினேன். ஒன்றையும் அவள் திறந்து பார்க்கவில்லை. ஒருநாள் பின்னேரம், கொப்பிகளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பையின் பட்டியைத் தோளில் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று நீளம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு ஆயத்தமாகிறாள் என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்பதற்காக உடுவிலுக்குப் போனேன். வழி நெடுக வசனங்களைத் தயாரித்துக்கொண்டு போனதில் எல்லாமே நீளமாகிவிட்டன. அந்த வீட்டுக் கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது, பின்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் இருந்தவர் கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உந்த ஜீப் விக்கிறதெண்டு கேள்விப்பட்டு வந்தனாங்கள். உங்கடையே தம்பி? எப்பிடி, ஓட நல்லமோ?"

எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. முதல் தடவையாக என்னிடம் ஒருவர் கேட்கிறார். பின் பம்பர், பிறேக், பாலம் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. சொன்னால் இவர்கள் இப்படியே திரும்பிவிடுவார்கள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அது வித்தாச்சு அண்ணை."

"ஆருக்கு?"

"என்ரை அக்காவுக்கு."

அவர்கள் போய்விட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. கேற் திறந்தது. கையில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் ரியூப்போடு அந்த அம்மா.

"எப்ப வித்தனான்?"

தயாரித்து வந்த வசனங்களில் இதற்குப் பொருத்தமாக ஒன்றும் இருக்கவில்லை. "அன்ரி..." என்றேன்.

"உம்மடை அக்கா அண்டைக்கு ஓடிப்போட்டு வந்து உம்மட்டை என்னவோ சொன்னதை யன்னலாலை கண்டனான். என்ன சொன்னவ?"

"இதுதான் எண்டு சொன்னவ."

"வேறை?"

"வேறை ஒண்டும் சொல்லேல்லை."

"அதை அண்டைக்கு வாய் திறந்து சொல்லியிருந்தீரெண்டா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்." ரியூப்பை மற்றக் கைக்கு மாற்றினார். "உந்தக் கீறல் நான் பழகினதிலை வந்தது இல்லை. கோயிலடியிலை ஒரு ஓட்டோக்காரன் கொண்டுவந்து இடிச்சது."

"ஓம் அன்ரி."

"அக்காவை நாளைக்கு வரச்சொல்லும். தனிய."

தனிய என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதத்தில் எனக்கு எவ்விதச் சந்தேகமும் எழவில்லை.

அக்கா மறுநாள் பஸ்ஸில் போனாள். பத்திரங்கள் எழுத இன்னொரு நாளும் தனியேதான் போனாள். அவர்கள் இருவரும் என்ன கதைத்தார்கள், விலை எப்படி இறங்கியது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டேன். "உன்னைப் பற்றித்தான் கனக்கக் கதைச்சனாங்கள்" என்றாள். விலை இறங்கியதற்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம், இரக்கத்தில் குறைத்திருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை அக்காவிடம் சொல்ல வேண்டாமென்றாள்.

தவணை தொடங்கி இரண்டாவது கிழமை, நெல்லியடியில் எனக்கு ஒரு வேலையிருந்ததால் அக்காவோடு போனேன். திரும்பி வரும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினாள். பக்கத்து வரிசையில் நின்ற ஒருவர் என் கண்ணாடியருகில் வந்து குனிந்தார்.

"தம்பி, நானும் உப்பிடி ஒண்டு எடுக்க யோசிக்கிறன். வாகனம் எப்பிடி?"

நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அக்கா ஸ்ரியறிங்கில் கை வைத்தபடி எட்டிப் பார்த்து, "காலமை ஏழு மணிக்கு வெளிக்கிடுறன் அண்ணை. இருந்துகொண்டு போறன்" என்றாள்.

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் வேறு கருத்து எதுவும் இல்லை. கடைசியில், "லீற்றருக்கு எவ்வளவு ஓடும் பிள்ளை?" என்று கேட்டார்.

"அதுகளை உவனைக் கேளுங்கோ" என்றாள் அக்கா.

சொல்லத் தொடங்கினேன். டவுனுக்குள் எவ்வளவு, பருத்தித்துறை வீதியில் எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு, ரயருக்குக் காற்றுக் குறைந்தால் எவ்வளவு. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோன் அடித்து, "உங்கடை கலந்துரையாடலை வீதியிலை வைச்சு முடியுங்கோ" என்று கத்தும்வரை சொன்னேன். அக்கா வாகனத்தை எடுத்தாள். கேட்டவர் இரண்டடி கூடவே நடந்து வந்தார். ஏசி போட்டால் எவ்வளவு என்பதை அவருக்குத் தலையை வெளியே நீட்டி இன்னொரு தரம் கத்திச் சொன்னேன்.