பாலத்தடியில் இரண்டு பெயர்கள்

இன்று காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள்.

என் அடையாள அட்டையில் சிவகௌரி. ஆபீஸ் அட்டையில் எமிலி. ராணுவக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில எது பொய்ப் பேர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எமிலிதான், சேர். லண்டன் கம்பனிக்கு வர்ற போனுக்கு இங்கயிருந்து பேசுறது என்ட வேலை. அவங்க வாயில என்ட பேர் வராது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ட தங்கச்சியும் இங்கிலீஷ் படிச்சிட்டு வீட்டில இருக்கா. உங்கட ஆபீஸில வேலை இருக்கா?" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும், பக்கத்தில் நின்று கேட்டிருந்த கண்டக்டர் நானா, "எங்கட மகளும் படிச்சிட்டு வீட்டில சும்மாதான் ஈக்கிறா, தங்கச்சி," என்றார்.

ஆள் கிடைக்கவில்லையென்று எங்கள் மேனேஜர் பேப்பரில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு அவரைப் பஸ்ஸில் வரச் சொல்லவா?