பிரசல்ஸில் எங்கள் கொக்கோ

இன்று பிரசல்ஸில் நாங்கள் ஏறி இறங்கிய மூன்றாவது சாக்லேட் கடை. ருசி பார்க்கக் கொடுத்த துண்டை வாயில் போட்ட என் மனைவி, "ஏனுங்க, நம்ம தோப்புல கசக்கற கொட்டையா இப்படி ஆயிருச்சு?" என்றாள்.

கடைக்காரப் பெண்ணிடம் போனில் படத்தைக் காட்டினேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் தென்னைகளுக்கு நடுவே, தண்டோடு ஒட்டித் தொங்கும் மஞ்சள் கொக்கோக் காய்கள்.

"இத்தனை வருடமாகச் சாக்லேட் செய்கிறேன், காயை இன்றுதான் பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

சொன்னேன். ஜனவரியில் வருகிறாராம்!

அணில் தொல்லை தாங்காமல், ஊர் திரும்பியதும் வெட்ட நினைத்திருந்த கொக்கோ மரங்கள் அவை. இனி வெட்டுவதாக இல்லை.

விருந்தாளிக்கு நாலு காயையாவது அணில்கள் மிச்சம் வைக்க யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.