நாற்பத்தொரு கீறல்கள்

வானியலில் பேர் வாங்கிய ஓர் அண்ணனும் தங்கையும் நூறு வருடங்களுக்கு முன் குடியிருந்த வீடு அது. அருங்காட்சியகமாவதற்கு முன் ஏழு வாடகைக் குடும்பங்கள் அதில் இருந்தன. எல்லோரையும் காலி செய்த பிறகு, மாடிப் பின்னறைக்காரி அதே வீட்டைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தாள்.

வாடகைக்கு இருந்த காலத்தில் அந்தப் பின்னறையில்தான் அவள் மகன் சுவரோரம் படுத்தே கிடந்தான். முதுகெலும்பில் நோய். பக்கத்துப் பள்ளியில் முதல் மணி அடிக்கும்போது ஜன்னல் வெயிலின் விளிம்பு சுவரில் எங்கே நிற்கிறதோ, அங்கே ஆணியால் ஒரு கோடு கீறுவான். "நகருதும்மா, வந்து பாரேன்" என்பான். அவளுக்கு வேலைக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும். நாற்பத்தொரு கோடுகள். நாற்பத்திரண்டாம் நாள் அவன் இல்லை. வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார்.

வீட்டைப் பழையபடி ஆக்கச் சுண்ணாம்பைச் சுரண்டியபோது கோடுகள் வெளியே வந்தன.

"என்னக்கா இது, கோழி கிளறின மாதிரி? பூசி மூடிடவா?" என்றார் கொத்தனார்.

அவன் கையால் செய்தது என்று உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"வேணாம். இங்க இருந்த அந்தப் பெரியவங்க வெயிலப் பாத்துப் போட்டதாம்" என்றாள்.

அருங்காட்சியக அதிகாரி வந்தார். அளந்தார். படமெடுத்தார். கோடுகளுக்கு மேல் கண்ணாடி போட்டார்கள். அதைத் தினமும் இரண்டு தடவை துடைத்தாள். "அக்கா மூஞ்சி பாக்கத்தான் கண்ணாடி போட்டிருக்கு" என்பார் வாட்ச்மேன். இரண்டு வருடங்கள் அப்படிப் போயின.

பிறகு தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு அரிய பொருள் அங்கேதான் இருக்க வேண்டுமாம். சுவரை அறுக்க ஆட்கள் வந்த காலையில் அவள் அதிகாரியின் மேசை முன் போய் நின்றாள்.

"சார், அது எம் பையன் கீறினது. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"பையனுக்கு அப்ப என்ன வயசு?"

"பத்து."

அதிகாரி சிரித்துவிட்டார். "ரெண்டு பேராசிரியருங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டாங்கம்மா. ஒரு கோடு பிசகல. பத்து வயசுப் பையனா? என் வீட்டுல ஒருத்தன் இருக்கான், பத்து நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டான்."

"அவனால எந்திரிக்க முடியாது சார்."

"போம்மா. போய் வேலையப் பாரு."

மதியத்துக்குள் அறுத்து இறக்கினார்கள். மரப்பெட்டியில் பஞ்சு விரித்து, சுவர்த் துண்டை வைத்து, மேல்பக்கம் இது என்று ஒருவன் அம்புக்குறி போட்டான்.

"தலைகீழா இருக்கு" என்றாள்.

அதிகாரி படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "ஆமா, மாத்திப் போடுப்பா" என்றார். உனக்கெப்படித் தெரியும் என்று அவளைக் கேட்கவில்லை.