இருபது நிமிடச் சூடு

மரப் பட்டறையில் அவரை எல்லோரும் ‘ஐம்பத்தாறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலேறும் சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகளை வெப்ப அறையில் அடுக்கி, மரத்தின் உள்நடு வரைக்கும் ஐம்பத்தாறு டிகிரி சூடு அரை மணி நேரம் விடாமல் நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. உள்ளே இருக்கும் புழு அதில் செத்துவிடும். அதன் பிறகு முத்திரை குத்துவார். பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட விதி அது. “வீட்டுல வெந்நீர் வெச்சாக்கூட முத்திரை குத்திட்டுத்தான் குளிப்பாரு” என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி ஒரு கடிதத்தை நீட்டினார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். தட்டில் உயிரோடு புழு. முத்திரையில் இந்தப் பட்டறையின் எண்.

எந்த நாள் என்று தேதி பார்க்காமலே ஐம்பத்தாறுக்குத் தெரிந்துவிட்டது. அன்று பாதியில் மின்சாரம் போய்ச் சூடு இறங்கிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். வாசலில் லாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஓடியதே போதும் என்று ஐம்பத்தாறு முத்திரை குத்திவிட்டார். பதிவேட்டில் முப்பது என்று எழுதினார்.

“வியாழக்கிழமை ஆபீசர் விசாரிக்க வர்றாங்க. பதிவேடு சரியா இருக்குல்ல?” என்றார் முதலாளி.

“இருக்குங்க.”

அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் வண்டி நின்றாலே எட்டிப் பார்த்தார்.

“என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க,” என்றாள் மனைவி. சொன்னார். அவள் காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஜெயில்ல போடுவாங்களா?”

“தெரியல.”

“அதே அடுக்குல வேற எங்கயாவது போச்சா?”

அதுவரை தன்னை நினைத்துத்தான் பயந்திருந்தார். இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்பது தட்டுகள் வேறொரு லாரியில் போயிருந்தன. அவை இறங்கும் ஊரிலும் மரங்கள் இருக்கும், புழு அவற்றில் ஏறிவிடும்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி ஒரு பெண். பதிவேட்டைப் புரட்டி மூடினார். “எழுத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்க போன பிறகுகூட புழு ஏறியிருக்கலாம்.”

முதலாளி மூச்சு விட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். ஐம்பத்தாறு ஓரடி முன்னால் வந்தார்.

“மேடம், அது முப்பது இல்ல, இருபது. நான்தான் மாத்தி எழுதினேன். இன்னும் நாப்பது தட்டு கப்பல்ல இருக்கு. இறக்க விடாதீங்க.”

முதலாளி கண்ணாலேயே அவரை எரித்தார்.

அந்த நாற்பதையும் கன்டெய்னரைத் திறக்கும் முன்பே பிடித்து, புகைபோட்டுப் புழுவைக் கொன்றுவிட்டார்கள். பட்டறையின் உரிமம் ஆறு மாதம் முடங்கி, வேலை நின்றது. அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. மறுபடி திறந்தபோது முத்திரை வேறு கைக்குப் போனது, அவர் பலகை அடுக்கும் ஆளானார். ஆனால் ஆறு மாதம் வேலையில்லாமல் திண்டாடிய மற்றவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் அதிகம் பயந்தார். கடைத்தெருவில் அவர்களைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

பட்டறை திறந்த மூன்றாம் நாள், சாப்பாட்டு வேளையில் லோடு ஏற்றுபவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பத்தாறின் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது.

“கொஞ்சம் நகருங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு, வந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.