அமெரிக்கா போன பையன்

சிதம்பரத்தில் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு மொழிபெயர்க்கப் போனேன். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறிய காலத்தில் அங்கே நிலம் திருத்தி வாழ்ந்த அவருடைய மூதாதை ஒருவர், நம் கடற்கரையிலிருந்து சிறுவனாகக் கப்பலில் ஏற்றப்பட்ட அடிமை என்று அவருக்குத் தெரியவந்திருந்தது. ஊர் தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயரும் தெரியாது. அவருக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்: திருட்டுக்கொடுத்த பிள்ளையை யாராவது தேடியிருப்பார்கள் அல்லவா?

கடலூர் பழைய துறைமுகம், கிள்ளை என்று அலைந்தோம். கிள்ளை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டார்.

“அப்பவே அமெரிக்காவா? எங்க மச்சான் துபாய் போறதுக்கே நாயா அலையறான். அந்தப் பையனுக்கு விசா எடுத்த ஏஜெண்டு யாருன்னு கேட்டுச் சொல்லு தம்பி.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி நாளன்று, சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிடக் கூட்டிவந்தேன். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, “யாரு குடுத்தாங்களாம்?” என்றாள்.

“குடுக்கலம்மா. தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“நீ பாத்தியா? பஞ்சமா இருந்திருக்கும். இது ஒண்ணாவது பொழைக்கட்டும்னு பெத்தவங்களே கையப் புடிச்சிக் குடுத்திருப்பாங்க.”

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்தான் அக்காவைச் சென்னையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். தெரிந்த ஆள் ஒருவர் வந்து கூட்டிப்போனார். அங்கே புதுச் செருப்பு வாங்கித் தருவார்கள் என்று பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். பிறகு அந்த வீட்டார் எங்கோ குடிபோய்விட்டார்கள், கூட்டிப்போனவரும் செத்துப்போனார். அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைக்கும் அம்மா, அக்காவுக்குப் படைப்பதில்லை. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாதவளுக்கு எப்படி இலை போடுவது?

அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெண்மணி வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சரி, கொடுத்ததாகவே இருக்கட்டும், அப்புறமாவது அவன் அம்மா அவனைத் தேடியிருக்க மாட்டாளா என்று கேட்டார்.

அம்மா அவர் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

“அன்னிக்கி வயிறு நெறையப் போட்டுத்தான் அனுப்பியிருப்பா. நானும் ஒரு முட்டய வறுத்துப் போட்டேன். தேடறதா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தேடுவா?”

பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுங்ககிட்ட சொல்லுடா,” என்றாள் அம்மா.

சொன்னேன்.